விலா எலும்பு தெரிகிற நாய்

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பக்கம். இரண்டே முக்கால் பக்கம் கல்யாணம், கால் பக்கம் நாய். கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. பெண் நல்ல பெண். பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், தட்டைப் பார்த்து அல்ல. எனக்கு அது போதும். நான் பதில் எழுதுவது அந்தக் கால் பக்கத்துக்குத்தான். பதில் நீளமாகப் போகும். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. அவளும் படிக்கலாம். அவளுடைய தாய்மாமனும் படிக்கலாம்.

நீ எழுதியிருப்பது இது. போன மாதம் பெண் வீட்டார் ஆரணிக்கு வந்திருந்தபோது அந்த மாமா நம் நாய் நூலைப் பார்த்தார். வேலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "நாய்க்கே சோறு போடாத வூட்ல பொண்ணக் குடுத்தா அது இன்னா கதிக்கு ஆவும் தம்பி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்கிறாய். நீயும் சிரித்தாயா என்று நீ எழுதவில்லை. வரும் சனிக்கிழமை நிச்சயத்துக்கு அவர்கள் மறுபடி நம் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்குள் நூலைச் சந்தவாசலுக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறாய். "ஜெட் அங்கே சந்தோஷமாக இருந்த மாதிரி இதுவும் இருக்கும் அம்மா" என்று நம் பழைய நாயைச் சொல்லி முடித்திருக்கிறாய்.

மாட்டேன்.

அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் அதற்குக் காரணம். உன் அப்பா இதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "நாயி, மருமவ ரெண்டையும் ஒரே கடுதாசில எழுதாத, நாளைக்கு எது எதுன்னு பேஜாராயிடும்" என்றார். அவர் பக்கம் எது என்று கேட்டேன். "நான் கட்டில் கால் பக்கம். தலைமாட்டுல அது படுத்துகினு இருக்குது" என்றார்.

விலா எலும்பிலிருந்து தொடங்குகிறேன். நம் தெருவில் திரியும் நாய்கள் மூக்கால் வாழ்பவை. நூல் கண்ணால் வாழ்பவள். தூரத்தில் ஒன்று அசைவதைப் பார்த்து, ஓடி, அதைப் பிடிப்பதற்காகவே உண்டான உடம்பு அது. இங்கிலீஷ்காரர்கள் இந்த வகையில் பெரியதைக் கிரேஹவுண்ட் என்றார்கள், சிறியதை விப்பெட் என்றார்கள். தெற்கே நம்மவர்கள் சிப்பிப்பாறை என்றும் கன்னி என்றும் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் உடம்பு ஒன்றுதான். ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, லேசாக வளைந்த முதுகு, குச்சிக் கால்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரிந்தால் நாய் சரியாக இருக்கிறது என்று பொருள். அவை மறைந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும். சதை ஏறினால் அந்தக் கால்கள் ஓட்டத்தில் ஒடியும். காலையில் கேழ்வரகுக் களியும் மோரும். மாலையில் சோறும் கறியும், ஒரு முட்டை. உன் அப்பாவைவிட அதிகமாகச் சாப்பிடுகிறாள்.

இதை நான் இந்தத் தெருவில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. பக்கத்து வீட்டு நெசவாளர் ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா, நான் பள்ளிக்கூடம் போனதும் சுவருக்கு மேலாக நூலுக்கு வடை போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் பாதி வழியில் திரும்பி வந்து கையும் களவுமாகப் பிடித்தேன்.

"இன்னா சரோஜா, வடையா போடற?"

"நீங்க போட்டா நான் ஏன் டீச்சர் போடறேன்?"

சபையிலும் இதே கதைதான். நூலுக்கு நான் என் பழைய நூல்புடவைகளை அடுக்கி மெத்தை தைத்தேன், மார்கழிக்கு ஒரு போர்வையும் தைத்தேன். அவளுக்குத் தோல் காகிதம் மாதிரி. அடியில் கொழுப்பே இல்லை. சிமெண்ட் தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும், பனி பட்டால் நடுங்கும். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "கர்த்தர் ஏழைங்களத்தான் நெனைக்கச் சொன்னாரு டீச்சர், நாய்க்குப் போர்வை போத்தச் சொல்லல" என்றாள். "எனக்கு ரெண்டு போர்வை தைக்கத் தெரியும்" என்றேன். அடுத்த ஞாயிறு இரண்டாவது போர்வையைக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்தேன், ஏழையை அவளே பார்த்துக் கொடுக்கட்டும் என்று. வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு பேசுவதில்லை. பரவாயில்லை.

இனி ஜெட்டைப் பற்றி. உனக்குத் தெரிந்த கதையும் உனக்குத் தெரியாத கதையும்.

அவளை எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கூடையில் கொண்டுவந்தார். நீ இரண்டாம் வகுப்பு. பெயர் வைத்தவன் நீ. நான் அப்போது எம்.ஏ. முடித்த கர்வத்தில் இருந்தேன். எதையும் புத்தகத்தில் படித்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இந்த நாய்களைப் பற்றி நூலகத்தில் புத்தகம் இல்லை, ஆகவே தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தேன். பஜாரில் ஒரு சாதாரணக் கழுத்துப்பட்டை வாங்கினேன். சிவப்பு, ஒரு விரல் அகலம். இந்த நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுங்கியது. பின்னால் ஒரு இழுப்பு இழுத்தால் அந்த மாதிரிப் பட்டை காதைத் தாண்டி நழுவிவிடும். நான்கு விரல் அகலம் வேண்டும், காதுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். அது எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் நழுவவில்லை, அதனால் நழுவாது என்று நம்பினேன்.

நம் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். நீ கட்டப்போகிறவளுக்குத் தெரியாதிருக்கலாம், அவளுக்காக எழுதுகிறேன். சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. ஆயிரக்கணக்கான இழைகளைத் தெருவின் பாதி நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நடுநடுவே மூங்கில் குச்சிகளைப் பெருக்கல் குறியாக நிறுத்தித் தாங்கி, கஞ்சி பூசி, வெயில் ஏறும் முன் உலர்த்தி எடுப்பார்கள். குடும்பமே இரண்டு பக்கமும் நிற்கும். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். மாடு கூட ஒதுங்கும்.

அன்று ஏகாம்பரத்தின் பாவு. அரக்கு நிறம். நான் ஜெட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனேன். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு பூனை குதித்தது. ஜெட் முன்னால் பாயவில்லை. பின்னால் ஒரு அடி வைத்துத் தலையை உருவினாள். என் கையில் பட்டை மட்டும் இருந்தது. பூனை பாவுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. ஜெட்டுக்குப் பூனை தெரிந்தது. பாவு தெரியவில்லை. அசையாமல் இருக்கும் எதுவும் ஓட்டத்தில் இருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. முழு வேகத்தில் நடுவில் போய் விழுந்தாள். குச்சிகள் சரிந்தன. தெருவின் பாதி நீளம் அவள் மேல் சுருண்டது. பட்டு இழை அறுபடாது. தோல்தான் அறுபட்டது.

அப்போது ஏகாம்பரம் செய்ததை நான் ஒருநாளும் மறக்கப் போவதில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்துத் தன் பாவைத் தானே வெட்டினார். "ஜல்தி புடிங்க டீச்சர், கழுத்துல சுத்திகினு கீது" என்று கத்தினார். சரோஜா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். பாவு அவருடையது அல்ல, பட்டு முதலாளி கொடுத்தது. உன் அப்பா முதலாளியிடம் போய்ப் பேசி முடித்தார். ஏகாம்பரம் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அதுக்கு இன்னா தெரியும் டீச்சர். ஓடறது வேலை, ஓடிச்சி."

கால்நடை மருத்துவமனையில் தையல் போட்டார்கள். மற்ற நாய்களுக்குக் கொடுக்கும் அளவிலேயே மயக்க ஊசி கொடுத்தார்கள். ஒன்றரை நாள் அவள் எழவில்லை. மருத்துவர் நல்லவர், பயந்துபோனார். கொழுப்பில்லாத உடம்பில் அந்த மருந்து சீக்கிரம் இறங்காது என்பதைப் பிறகு அவரே தேடிப் படித்து எனக்குச் சொன்னார். நாளைக்கே நான் இல்லாமல் நூலை நீ எங்காவது தூக்கிக்கொண்டு போக நேர்ந்தால், மேசைமேல் படுக்கவைக்கும் முன் இதைச் சொல். எந்த டாக்டராக இருந்தாலும் சொல். அவருக்குக் கோபம் வந்தாலும் சொல்.

ஜெட் பிழைத்தாள். நான் அவளை அனுப்பினேன்.

நீ எல்லோரிடமும் சொல்லிவந்தது, தெரு முழுக்கச் சண்டைக்கு வந்தது, அதனால் அனுப்ப வேண்டியதாயிற்று என்று. அப்படித்தான் நான் உனக்குச் சொன்னேன். யாரும் வரவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. நான் அந்தத் தெருவில் நடக்கும்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. டீச்சர், படித்தவள், நாயைப் பிடிக்கத் தெரியாதவள். அந்தப் பார்வையை நானே உண்டாக்கி நானே தாங்க முடியாமல் போனேன். ஓடுகிற நாய்க்கு வெட்டவெளிதானே வேண்டும் என்று ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. சந்தவாசலில் முனுசாமி என்று ஒருவர், என் மாணவியின் அப்பா. நிலம் இருந்தது. "நெலத்துல ஓடிகினு ஜாலியா இருக்கட்டும் டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றார். மாட்டுவண்டியில் ஏற்றும்வரை கயிற்றை நீதான் பிடித்திருந்தாய். நீ அழவில்லை. நல்ல இடத்துக்குப் போகிறது என்று நான் சொன்னதை நம்பினாய்.

ஓடுகிற நாய்க்கு வெட்டவெளி வேண்டும் என்பது பொய். இந்த நாய்கள் ஒரு நாளில் இரண்டு நிமிடம் ஓடும். மீதி நேரம் தூங்கும். சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானம், ஒரு மெத்தை, மனிதர்கள் நடமாடும் ஓர் அறை, இவை போதும். இவை மட்டுமே வேண்டும். முனுசாமி கெட்டவர் அல்ல. நாயை எப்படி வைப்பார்களோ அப்படி வைத்திருந்தார். நான் மார்கழியில் பார்க்கப் போனபோது அவள் மோட்டார் கொட்டகைக்கு வெளியே சங்கிலியில் இருந்தாள். முழங்கைகள் இரண்டும் புண். குரைக்கவில்லை. வாலைக்கூட ஆட்டவில்லை. பக்கத்தில் வந்து தன் எடை முழுவதையும் என் காலில் சாய்த்து நின்றாள். இந்த நாய்களின் அன்பு அப்படித்தான் இருக்கும், அதற்குச் சத்தம் கிடையாது.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கூட்டிக்கொண்டு வர ஒரு கயிறுகூட அங்கே இருந்தது. அவளோடு நம் தெருவில் மறுபடி நுழைவதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. வெட்கம் கோபமாக மாறி முனுசாமியின் மேல் விழுந்தது. "ஏன் கட்டிப் போட்டிருக்கீங்க? இது ஓடற நாய். அவுத்து விடுங்க."

"ஓடிடுமே டீச்சர்."

"ஓடட்டும்."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, கடமையை முடித்தவள் போல நான் பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அவர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க சொன்னீங்கன்னுதான் அவுத்து வுட்டேன் டீச்சர்." முயல் ஒன்று வரப்பில் ஓடியிருக்கிறது. ஜெட் பின்னால் ஓடியிருக்கிறாள். நம் பக்கத்து நிலத்துக் கிணறுகளை நீ பார்த்திருக்கிறாய். அகலமாக, கைப்பிடிச் சுவர் இல்லாமல், தரையோடு தரையாக. முயல் ஓரமாகத் திரும்பிவிட்டது. "கெணறு இருக்கறது அதுக்குத் தெரியும் டீச்சர். டெய்லி அங்கதான் தண்ணி குடிக்கும். அன்னைக்கித் தெரியல." அவரே கயிறு கட்டி இறங்கித் தூக்கியிருக்கிறார். வேப்பமரத்தடியில் புதைத்ததாகச் சொன்னார். என்னை மன்னிக்கச் சொன்னார். அவர் என்னை! நான் சரி என்றேன். பிறகு ஆறாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன்.

அன்று மாலை நீ ஜெட் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். நன்றாக இருக்கிறாள் என்றேன். பரீட்சை லீவில் பார்க்கப் போகலாமா என்று கேட்டாய். குட்டி போட்டிருக்கிறாள், இப்போது யாரையும் கிட்டே விடமாட்டாள் என்றேன். எத்தனை குட்டி? ஐந்து. என்ன நிறம்? நான் நிறமும் சொன்னேன். ஒன்றுக்கு முன்கால் வெள்ளை என்றேன். நீ அதற்கு ஒரு பெயர் வைத்தாய். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மகனே, நூலைச் சந்தவாசலுக்கு அனுப்பு என்று நீ எழுதியது உன் தவறு அல்ல. நான் உனக்குக் கொடுத்த சந்தவாசலைத்தான் நீ திருப்பிக் கொடுத்தாய். அப்படி ஓர் இடம் இல்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நீ சென்னைக்குப் படிக்கப் போன வருடம் நான் ரயிலேறிக் கோவில்பட்டிக்குப் போனேன். உன்னிடம் ஒரு டீச்சர் மாநாடு என்று சொன்னேன், அதுவும் பொய்தான். இதோடு பொய்கள் முடிந்தன. ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய் அங்கேதான் இருந்தார். ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆண் குட்டிகள் எல்லாம் சொல்லிவைக்கப்பட்டிருந்தன. ஒரு பெண் குட்டி தனியாகச் சாக்கின் மேல் கிடந்தது. "பொட்டைக்குட்டி யாருக்கும்மா வேணும், அது நிக்காது" என்றார் வீட்டுக்காரர். நிற்காது என்றால் அவர்கள் உயிரோடு நிற்க விடமாட்டார்கள் என்று பொருள். எனக்கு வேணும் என்றேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. இந்த முறை நான் யாருடைய புத்தகத்தையும் நம்பவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டிலேயே தங்கி, அவர்கள் எப்படிச் சோறு வைக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தேன்.

அவளோடு நம் தெருவில் நுழைந்தபோது ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து வந்தார். அவர் குட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா டீச்சர், நூல் மாதிரி கீது" என்றார். பெயர் அதுவாயிற்று. பிறகு, "பழைய பட்டை மாதிரி வாங்கிடப் போறீங்க. நான் தறியில போட்டுத் தரேன். நாலு வெரல் போதுமா?" என்று கேட்டார். அவள் கழுத்தில் இருப்பது அவர் நெய்தது. காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும்வரை நான் கதவைத் திறப்பதில்லை. கடைசிக் குச்சி எடுத்ததும் சரோஜா குரல் கொடுப்பாள். "டீச்சர், பாவு எட்த்தாச்சி, இட்டுகினு போங்க!" பிறகு பள்ளி மைதானத்துக்குப் போய், கேட்டைப் பூட்டிவிட்டு, பட்டையைக் கழற்றுவேன். இரண்டு நிமிடம். நீ ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் இல்லாத கணம் ஒன்று வரும். பதின்மூன்று வருடம் முன்பு செய்த எதையும் அது சரிசெய்வதில்லை. இருந்தாலும் பார்க்க வேண்டும்.

பெண்ணுக்கு நாய் என்றால் பயம் என்றால் அது வேறு. பயத்தோடு பேசலாம். அவள் என்னிடம் நேராகச் சொல்லட்டும், நான் நூலை உள்ளறையில் வைக்கிறேன், பத்து நாளோ பத்து மாதமோ ஆகட்டும், அவளே கையை நீட்டும்வரை காத்திருக்கிறேன். ஆனால் நீ எழுதியதில் பயம் இல்லை. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் இருக்கிறது. அதற்கு நான் ஏற்கெனவே ஓர் உயிரைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று கிடையாது. நீயும் கொடுக்காதே. இன்று நாய், சரி. நாளைக்கு உன் வீட்டில், உன் மனைவியைப் பற்றியோ உன் பிள்ளையைப் பற்றியோ ஒருவர் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே ஏதாவது கேட்பார். அப்போது நீ என்ன செய்வாய் என்பதை இந்தக் கால் பக்கத்தில் பார்த்தேன். அதனால்தான் கோபம்.

இந்தக் கல்யாணம் நாய்க்காக நின்றுபோனால் நான் வருத்தப்படுவேன். அதற்காக எழுதியதை அழிக்க மாட்டேன். எனக்குத் தோன்றுவது, நிற்காது. முகத்தைப் பார்த்துப் பேசுகிற பெண் விலா எலும்பைப் பார்த்துப் பயப்பட மாட்டாள்.

இன்று காலை அவளுடைய மாமாவுக்கு நானே ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். உறையில் வைக்கவில்லை. தபால்காரரும் படிக்கட்டும் என்றுதான் கார்டு. நீ இதைப் படிக்கும்போது அது அவர் கையில் இருக்கும், இனித் தடுக்க முடியாது. எழுதியது இவ்வளவுதான்.

"எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிடுகிறது. அதன் உடம்பு அப்படித்தான். சனிக்கிழமை நீங்கள் வரும்போது அது வீட்டில் இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள், உங்கள் கையாலேயே அதற்குச் சோறு வைக்கலாம்."

நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு. என்னோடு சண்டை போடுவதானால் அன்றே போட்டு முடித்துவிடலாம்.

அம்மா